சுவர் பார்த்த பெட்டிகள்

இன்று காலை கொரியாவிலிருந்து துணி வந்தது. இறக்கியதும், பெட்டிகள் மேல் அச்சடித்திருந்த மில் பெயர் தெரியாதபடி ஒவ்வொன்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். துபாய் தேரா கடைத்தெருவில் துணி விற்கிற எவனும் இதைச் செய்வான். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பக்கத்துக் கடைக்காரன் நாளைக்கே அங்கே ஃபேக்ஸ் அடிப்பான். கடைசிப் பெட்டியைத் திருப்பும்போது உன் கை ஞாபகம் வந்தது.

நீ பனாமாக்காரன். உங்கள் ஊர்க் கம்பெனிக்குத் துணி வாங்கி அனுப்ப வந்தவன். முதல் நாளே என்னைக் கட்டிப்பிடித்தாய். நீ போனதும் நான் முதலில் சட்டைப்பையைத்தான் தொட்டுப் பார்த்தேன். உங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்காரனைக்கூட அணைத்துத்தான் நலம் விசாரிப்பார்களாம். இங்கே எல்லோரும் பின்வாங்குவதைப் பார்த்து ஒரே மாதத்தில் அதை விட்டுவிட்டாய். அரபிகள் மாதிரி நெஞ்சில் கை வைக்கப் பழகினாய். எங்கள் மாதிரி தலையாட்டினாய். சுலைமானி டீயில் பிஸ்கட்டை நனைத்தாய். உடைந்த இந்தியில் என்னை "பாய்" என்றாய். நீ பழகப் பழக எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

மாதம் ஒரு முறைதான் வாங்குவாய். மற்ற நாளெல்லாம் அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் வந்து அந்த ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பாய். பக்கத்துக் கடை கீழக்கரைக்காரரை அண்ணன் முறையில் காக்கா என்போம். அவர் சிரித்துக்கொண்டே எச்சரித்தார்: "மாப்ளே, வாங்க வர்றவன் அவசரப்படுவான். உட்கார வர்றவன் மோப்பம் பிடிக்கத்தான் வர்றான்."

ஒரு வெள்ளிக்கிழமை உன் பிளாட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாய். பிறந்தநாள் என்றாய். கோழி ஹலால்தான் என்று நான் கேட்கும் முன்பே சொன்னாய். சோறு போட்டு மில் பெயரைக் கறக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். மறுநாள் அந்தக் கோழியை டப்பாவில் கொண்டுவந்தாய். முழுக்கோழி. ஒரு கால்கூடக் குறையவில்லை.

பிறகு ஒரு நாள், சுமைக்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனபோது நான் போனில் இருந்தேன். நீ எழுந்தாய். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எட்டுப் பெட்டிகளையும் நீயே சுவர்ப்பக்கம் திருப்பினாய். திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னாய்: "பாய், நான் பார்க்க மாட்டேன். உட்கார மட்டும் விடு."

ஆள் கெட்டிக்காரன், இது அடுத்த வித்தை என்றுதான் அப்போதும் நினைத்தேன். உனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நீ ஊர் திரும்பியபின் ஒரு வருஷம், பனாமாவிலிருந்து யாராவது விலை கேட்டார்களா என்று மில்காரனை விசாரித்துக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. உன் தங்கையின் ஃபேக்ஸ்தான் வந்தது. நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று சொல்லி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: துபாயில் உட்கார ஓர் இடம் இருந்தது என்று அண்ணன் சொல்வார்.

அதைப் படித்த பிறகும், இவள் என்ன கேட்கப் போகிறாளோ என்று அடுத்த பக்கத்தைத் தேடினேன். அடுத்த பக்கம் இல்லை.

பெட்டிகளை இன்னும் திருப்பித்தான் வைக்கிறேன். அதை விட்டால் பிழைப்பு நடக்காது. ஸ்டூலை மட்டும் எடுக்கவில்லை. போன வாரம் சோஹார் ஊரிலிருந்து வந்த ஒருவர் எதுவும் வாங்காமல் அதில் உட்கார்ந்தார். காக்கா கண்ணைக் காட்டினார். எனக்கும் உள்ளே அரித்தது. ஆனாலும் சுலைமானி இரண்டு சொல்லி, அவர் எதிரில் உட்கார்ந்து ஒன்றைக் குடித்தேன்.

உனக்கு எப்போதும் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்.