சீட்டின் அடியில் அப்பாவின் பெயர்

ஹார்லன் ஃபோர்க், மொன்டானா
நவம்பர் 12

அன்புள்ள டேலுக்கு,

அம்மா எழுதுவது. கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. கன்றுகளை விற்றாகிவிட்டது, விலை மோசமில்லை.

அப்பா தேர்தலில் தோற்ற செய்தி உனக்கு எட்டியிருக்கும். நம் ஊரிலேயே தோற்றார் என்பது எட்டியிருக்காது.

உன் தங்கை கிர்ஸ்டன் பிரசவ வலியோடு தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலையிலேயே உயிரை விட்ட அன்று அவர் முடிவெடுத்தது இது. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடாமல் இருந்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்கள். அதைத் திறக்கும் பணம் மாநில சட்டசபை கையில் இருக்கிறது, நானே போய்க் கேட்கிறேன் என்றார். எந்தக் கட்சி திறப்பதாகச் சொன்னதோ அதில் நின்றார். ஆயுளில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாத மனிதர்!

வீடு வீடாகப் போனார். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள், கிர்ஸ்டனை நினைத்துக் கண் கலங்கினார்கள். ஆனால் டிவியில் ராப்பகலாக வாஷிங்டன் சண்டைதான். ஓட்டுச்சீட்டில் மேலே செனட்டருக்கு ஊரின் வழக்கமான கட்சி வட்டத்தைக் கறுப்பாக்கியவர்கள், அதே கட்சிக்கு அதே கையோடு சீட்டின் அடிவரை வந்துவிட்டார்கள். அப்பாவின் பெயர் அடியில் இருந்தது.

தீவனக் கடையில் ஒருவன், "பொண்ணோட சாவ வெச்சு ஓட்டு கேக்க வந்துட்டியா, ஓரின்?" என்றானாம். அப்பா எடுத்த மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். எனக்கு இதைச் சொன்னது உன் சித்தப்பா லேலண்ட்.

அந்த லேலண்டே தேர்தலுக்கு முந்தின ஞாயிறு நம் மேசையில் உட்கார்ந்து, "அண்ணே, ஒளிச்சு மறைச்சு எனக்குப் பழக்கமில்ல. அந்தக் கட்சிப் பேருக்கு நேரா என் கை போகாது. நீயே நின்னாலும் போகாது" என்றார். கிர்ஸ்டனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அப்பா, "சாப்டுடா, ஆறிடப் போவுது" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இரண்டு நிலத்துக்கும் நடுவில் வேலி அறுந்து கிடக்கிறது. தனித்தனியே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஓட்டு எண்ணிக்கை பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. முடிவு சொன்ன பிறகும் அப்பா சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு தேர்தல் குமாஸ்தாப் பெண்ணிடம் போய், "கடற்படைத் தபால் ஓட்டு இன்னும் எண்ணலையே? என் பையனோடது வரணும்ல?" என்றார். அதனால் எதுவும் மாறாது என்று அவருக்குத் தெரியும். அவள், "வரும் ஓரின், வரும்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டேல், நீ ஓட்டுப் போட்டாயா, யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. போன தடவை லீவில் வந்தபோது நீ சித்தப்பா பக்கம் பேசியது எனக்கு மறக்கவில்லை. உன் மனசு உனக்கு.

ஞாயிறு நீ கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுப்பேன். அவர் கேட்கமாட்டார். டிரக் பேட்டரியைப் பற்றிச் சுற்றிச் சுற்றிப் பேசுவார். நீயாகவே சொல்லிவிடு, "உங்களுக்குத்தான் போட்டேன்ப்பா" என்று. அது பொய்யானால் ஆண்டவர் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், மகனே.

அம்மா
மார்லிஸ்