உன் மகள் கேட்ட சைக்கிள்

காலையிலிருந்து மழை. வாசலில் போட்டிருக்கும் ரப்பர் மிதியடி நனைந்து, அதன் வாசனை முன்னறை வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்தியும் போகவில்லை. மணி மூன்றரை. முதல் ஷிப்ட் முடிந்து உன் மகள் இந்நேரம் ஏரிக்கரை மேல் சைக்கிளில் வந்துகொண்டிருப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபது வயதில் இப்படிச் சொன்னால் உட்கார்ந்து கேட்க இந்த ஊரில் ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

சைக்கிள் என்றதும் நாம் ஓட்டிய கறுப்பு வண்டியை நினைக்காதே. இது மின்சாரத்தில் ஓடும் மலைச் சைக்கிள். கும்மிடிப்பூண்டியில் மலை எங்கே இருக்கிறது என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். எஸ்தர் சிரித்தாள். அவளுக்கு வேலை தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில். கம்பெனி பஸ் பெரிய ரோட்டில்தான் நிற்கும். அங்கே போய்ச் சேர லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். ஏரிக்கரை மண்பாதை நேராகத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் போய் ஏறுகிறது. ஆனால் கல்லும் சேறும், ஸ்கூட்டர் சறுக்கும். இந்த வண்டி அந்த மாதிரிப் பாதைக்கென்றே செய்தது என்றாள். விலையைச் சொன்னால் நீ கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாய். அந்த விலைக்கு ஒரு பழைய கார் கிடைக்கும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கி, அதே மாதிரி வண்டியை என் வீட்டுக்கு ஓட்டி வந்தாள். உன் கூடப் பிறக்காவிட்டாலும் அவளுக்கு நான்தான் பெரியப்பா. உன் மனைவி அவளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "உங்க பெரிப்பா பாத்து நல்லா கீதுன்னு சொன்னா வாங்கிக்கோ. இல்லன்னா வேணாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வண்டிமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன். ஏனென்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.

இரும்பு வார்க்கும் நம் ஃபவுண்டரியில் மணல் ஏற்றும் கன்வேயர் பெல்ட்டை நினைத்துப் பார். தேய்ந்த பெல்ட்டைக் கழற்றிக் கொல்லைப்புறம் போடுவார்கள். அதில் ஒரு துண்டு வெட்டிச் சைக்கிளுக்கு பிரேக் கட்டையாகப் போடலாம் என்று கண்டுபிடித்தவன் நான். கடையில் வாங்கும் கட்டை ஒரு மழைக்காலம் தாங்காது; என்னுடையது வருடக்கணக்கில் தேயாது. ஐடிஐ வாசலை மிதிக்காதவன், எல்லாவற்றையும் திறந்து பார்த்தே கற்றவன். நான் சரி செய்த மெஷினுக்குப் படித்த பையன்கள் கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்கினார்கள். இந்தக் கட்டை மட்டும் முழுக்க என் பெயரில் இருந்தது. ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்களில் பாதிக்கு நான்தான் வெட்டிப் போட்டேன். உன்னுடையதற்கு எல்லாருக்கும் முன்னால் போட்டேன்.

அது ஏன் தேயவில்லை என்று நான் யோசிக்கவில்லை. அவ்வளவு கெட்டியான ரப்பர் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, அதனால்தான் தேய்வதுமில்லை. காய்ந்த ரோட்டில் தெரியாது. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் நீ சொன்னாய்: "நைனா, தண்ணில வழுக்குதுப்பா இது." நான் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கட்ட வழுக்கல. உன் கைல பலம் இல்ல. இறுக்கிப் புடி" என்றேன். கேன்டீனில் நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது நான் முன்னால், நீ பின்னால். லாரிகளை எடை போடும் மேடையின் வாசலிலிருந்து ஒரு லாரி வெளியே மூக்கை நீட்டியது. நான் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீ நான் சொன்னபடியே இறுக்கிப் பிடித்திருந்தாய். விரல் முட்டிகள் வெளுத்துத் தெரிந்தன. சக்கரம் நிற்கவில்லை.

சாலை வளைவில் அந்த வாசலை வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில் எனக்கு மாற்றமில்லை. பார்க்காமல் வண்டியை எடுத்த டிரைவரையும் விடவில்லை; விபத்து கேட்டுக்கு வெளியேதானே என்று சொன்ன கம்பெனிக்காரர்களோடு வேலையின் கடைசி நாள் வரை சண்டை போட்டேன். ஊரே என்னோடு சேர்ந்து அவர்களைத் திட்டியது. அந்தச் சத்தத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன். உன்னை அடக்கம் செய்த மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து நான் போட்ட கட்டைகளையெல்லாம் பிடுங்கினேன். துக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவனிடம்தான் உன் மகள் ஒரு சைக்கிளை நிறுத்தி, நல்லா இருக்கிறதா என்று கேட்டாள்.

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியோடு உட்கார்ந்தேன். மோட்டார் பெடலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு அவளை மிதிக்கச் சொன்னேன். பேரிங் சத்தம் சுத்தமாக இருந்தது. பேட்டரி ஃபிரேம் குழாய்க்குள்ளே பூட்டியிருக்கிறது. டயர் என் மணிக்கட்டைவிடத் தடிமன். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர். எதைத் தட்டினாலும் தளர்வு இல்லை. மோட்டாரைத் திறக்க ஒரு திருகாணி தேடினேன்; கம்பெனிக்காரன் சீல் வைத்திருக்கிறான். அது போதும் எனக்கு.

"தொறக்க முடியாத பொருளுக்கு நான் எப்டி ஜவாப் சொல்றது? ரிப்பேருன்னா எவன்கிட்ட போவ?"

"சென்னைல ஆள் கீறாங்க பெரிப்பா. மோட்டார் நின்னா காலால மிதிச்சிகினு வந்துருவேன்."

"இந்த கனத்தையா?"

"உன் பழைய சைக்கிள்ல அரிசி மூட்டை ஏத்திகினு வந்த ஆளுதான நீ."

வாயாடி. உன் வாய். நான் எழுந்து, ஒரு குடம் தண்ணீரை இரண்டு சக்கரத்தின் டிஸ்க் பிரேக் தட்டுகளின் மேலும் ஊற்றினேன். பிறகு நானே ஏறினேன். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். பெடலை ஒரு மிதி மிதித்ததும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி கிளம்பியது. ஏரிக்கரை ஏற்றம் என் முழங்காலுக்குத் தெரியவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தது. இறக்கம் வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பழைய பழக்கத்தில் முழுக் கையால் இறுக்கினேன். வண்டி அங்கேயே நின்றது. நான்தான் ஹேண்டில்பார்மேல் போய் விழப் பார்த்தேன். பின்னால் ஓடி வந்தவள், "ரெண்டு வெரலு போதும் பெரிப்பா" என்றாள். மண்ணில் காலை ஊன்றிக்கொண்டு, இந்த பிரேக் உனக்கு இருந்திருந்தால் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியதை நிறுத்த முடியவில்லை.

"நல்லா கீதா, சொல்லு" என்றாள்.

வேண்டாம் என்றேன். மழையில் கரை உடையும் என்றேன், பாம்பு வரும் என்றேன், திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வண்டியில கொற இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன். உனக்கு பயம்னா, பயம்னு சொல்லு. ரெண்டையும் ஒண்ணாக்கி பேஜாரு பண்ணாத."

அங்கேயே கரைமேல் உட்கார்ந்து பெல்ட் விஷயத்தைச் சொன்னேன். உன் மகளின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வழுக்குதுன்னு அப்பா உன்கிட்ட சொல்லிச்சா?"

"சொன்னான். மூணு நாளு முன்னாடி. நான்தான் கேக்கல."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நாள் இந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

பிறகு உன் மனைவி போன் செய்தாள். "ண்ணா, கடைக்காரங்க வேணுமா வேணாமான்னு கேக்கறாங்க. இவ உன்னாண்ட கேக்க மாட்டேன்றா. இன்னா சண்டையோ தெரியல. நீ சொல்லுண்ணா, வாங்கட்டுமா?"

எஸ்தர் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். என் பயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும், யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சொல் நாக்குவரை வந்தது. ஆனால் கெட்ட கட்டையை நல்லது என்றவன், நல்ல வண்டியைக் கெட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்தானே. சொன்னேன்: "வெல ஜாஸ்தி. மோட்டார் போனா நம்ம ஊர்ல பாக்க ஆளு இல்ல. ஆனா வண்டி நல்ல வண்டி. பிரேக்கு தண்ணிலயும் புடிக்குது, நானே ஓட்டிப் பாத்தேன். லாரி ரோட்டுக்கு இது மேலு. வாங்கட்டும்." பெல்ட் விஷயத்தை உன் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதற்குத் துணிச்சல் வரவில்லை.

இதுவரைக்கும் எழுதியபோது வாசலில் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். மீதியை விளக்கு வைத்த பிறகு எழுதுகிறேன்.

எஸ்தர்தான். வண்டி வாங்கி நான்கு மாதம் ஆகிறது, என் வீட்டு முன்னால் அதை நிறுத்தியது இன்றுதான் முதல் தடவை. முழங்கால் வரை சேறு, உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "பெரிப்பா, முன் சக்கரத்துல ஏதோ தேயற மாதிரி சத்தம் கேக்குது" என்றாள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒண்ணும் இல்ல, ஓட்டு என்ற பதில் வாயில் தயாராக இருந்தது. அந்தப் பதிலை எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினேன். தட்டைத் துடைத்தேன், பிரேக் கட்டைகளை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அச்சை விரலால் உருட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

"ஒண்ணும் இல்லியா?"

"என் கண்ணுக்குத் தெரில."

"அப்பறம் ஏன் பாத்துகினே கீற?"

"நீ சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னல்ல."

அவள் படியில் உட்கார்ந்து, நான் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

பயம் குறைந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். நாளைக்கும் மழை என்கிறார்கள். நாளைக்கும் மூன்று மணியிலிருந்து நான் ஏரிக்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சொல்லி நான் கேட்காத அந்தப் பேச்சு இனியும் என்னோடுதான் இருக்கும். அதை இறக்கி வைக்க யாரிடமும் நான் கேட்கப்போவதில்லை. சக்கரத்தை மாட்டி அவளை ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். தெருமுனைவரை போய் வந்து, "இன்னும் கேக்குது" என்றாள். மறுபடியும் கழற்றினேன்.