எடைப் போட்டியில் நம் ஊர் ஜெயித்தது

ஆக்லாந்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் மருமகள் லாவினியாவுக்கு, வவாவுத் தீவிலிருந்து மாமன் சாமிசோனி எழுதுவது. இங்கே நானும், தனிக்குடித்தனம் நடத்தும் என் தொப்பையும், பதினொரு பன்றிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உன் அம்மா சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. கால் புண் ஆறிவருகிறது என்று அவள், என் தங்கை சேனி, உன்னிடம் போனில் சொன்னது பொய். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று ஊர் முழுக்கச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், சத்தியத்தை மீறுவதில் இந்தத் தீவிலேயே நான்தான் பேர்போனவன்.

எல்லாம் அந்த எடைப் போட்டியில் ஆரம்பித்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் ஆட்டுக் கொழுப்புக்கு வரி போட்டுப் பார்த்தார்கள், வரியையும் சேர்த்துத் தின்றோம். வானொலியில் உடற்பயிற்சிப் பாட்டுப் போட்டார்கள், ஆடி முடித்துப் பசியோடு வந்து தின்றோம். கடைசியில் ஐந்து ஊர்களுக்குப் போட்டி, ஆறு மாதத்தில் எந்த ஊர் மொத்தமாக அதிகம் இளைக்கிறதோ அதற்குப் பரிசு. தேவாலயக் கூடத்தில் எடை மெஷினை வைத்தார்கள், நான் ஏறியதும் அது தன் தாயைக் கூப்பிட்டு அழுதது. யாருடைய எடையையும் வெளியே சொல்ல மாட்டோம், நோட்டுல மட்டும்தான் எழுதுவோம் என்றாள் நர்ஸ் ஓஃபா. எனக்குப் பொறுக்குமா? காணிக்கை நாளில் குடும்பம் குடும்பமாகப் பேர் சொல்லி, தொகை சொல்லி, கூரை அதிரக் கூவுகிறவன் நான். ரகசியமா வச்சா எவன் இளைப்பான், நோட்டை இப்படிக் குடும்மா என்று பிடுங்கிக்கொண்டேன். காணிக்கை வாசிக்கிற அதே ராகத்தில் எடையை வாசித்தேன். கூடம் சிரித்து உருண்டது, அலை இரண்டு மைல் பின்வாங்கியது என்று மீனவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் உன் அம்மா மெஷினில் ஏறினாள். நம் வழக்கத்தில் தங்கை காதுபட அண்ணன் யார் உடம்பைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது, அவள் எழுந்தபோதே நான் வெளியே போயிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நூற்று நாற்பத்திரண்டு என்று கூவினேன். போதாதென்று, கப்பல் வந்துடுச்சு, கயித்தைக் கட்டுங்கடா என்றேன். இருநூறு பேர் சிரித்தார்கள், பிறகு கூவியது யார் என்று உறைத்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் அவள் கூடத்துக்கும் வரவில்லை, சர்க்கரைக்கு ஓஃபாவிடமும் போகவில்லை. கடற்கரையில் சிப்பி கிழித்த குதிகாலை இரண்டு மாதம் துணியில் சுற்றி வைத்திருந்தாள். தங்கை படுக்கும் அறைக்குள் நான் நுழைய முடியாது, எனக்கு நாற்றம்தான் சொன்னது.

போட்டி முடிவை நானே வாசித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சேனியின் புது எடையையும் அனுப்பியிருந்தார்கள், அதையும் கூட்டி, நாலு கிலோ வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்று கூவினேன். முரசு அடித்தார்கள், கிழவர் மானாசே எழுந்து ஆடினார், பாதி ஆட்டத்தில் நின்று, ஏன்டா சாமிசோனி, சேனி காலையும் சேர்த்தா கழிச்சீங்க என்றார். முரசு நின்றது. அந்தக் கால் நாலு கிலோவைவிடக் கனம், மருமகளே.

பரிசு, போட்டியில் பேர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி நடைக் காலணி. சேனிக்கும் வீடு தேடிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் என் வாசல் கதவில் ஒரு இடது காலணி தொங்கியது.

இப்போது வலது பெருவிரலில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதாம், உன் அத்தை பார்த்திருக்கிறாள். ஓஃபாவைக் கூப்பிடவா என்று கேட்டதற்கு, வேணாம் அண்ணி, மறுபடியும் என்னை ஏலம் போடுவாங்க என்றாளாம். நீ சொன்னால் கேட்பாள், நீ வந்தே சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி தங்கை மகளான நீ எனக்கும் மேலே, என் பன்றியைக் கேட்காமல் ஓட்டிப்போகலாம், கூடத்தின் நடுவில் என் காதைத் திருகலாம், இரண்டையும் செய். வரும்போது பெட்டி பெட்டியாக டின் மாட்டிறைச்சி கொண்டுவராதே, அந்தக் காலில் அதற்கும் பங்கு உண்டு.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். மறந்துவிடாதே, வலது காலணி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அதுவும் என் வாசலுக்கு வருவதற்குள் வந்துவிடு.

நம் ஊரில் தாய்மாமனைச் சொல்வதுபோல், உன்னை வளர்த்த ஆண் அம்மா,
சாமிசோனி