சந்தனம் அப்பிய கம்ப்யூட்டர்

வேடசந்தூர்,
10.10.2003

என் வீட்டு மகாராணி பேச்சாயிக்கு, உன் பொம்மையன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கமுதிப் பக்கம் மழை உண்டா?

ஆயுத பூசையன்று எங்கள் மில் மேனேஜர், ஆபீசில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்குத் தன் கையாலேயே சந்தனம் அப்பினார், அதுவும் ஆன் பண்ணுகிற பட்டன் மேலேயே. சந்தனம் காய்ந்து பட்டன் இறுகிவிட்டது. மறுநாள் பேனாவால் குத்தி உடைத்ததும் அவர்தான். பழி மட்டும் ஆபீஸ் கூட்டுகிற எனக்கு.

"வெளக்கமாத்தால இடிச்சுட்டுப் பொய்யா சொல்ற? தீபாவளிக்கு லீவு கெடையாது போ" என்றார்.

திண்டுக்கல் மெக்கானிக் நாசர் பாய் வந்து சந்தனத்தைச் சுரண்டிக் காட்டினார். "யாரு சார் இம்புட்டு பக்தியாப் பூசுனது?" மேனேஜர் மேசையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். பாய் உடைந்த பட்டனின் வயரைப் பக்கத்தில் இருந்த சின்ன ரீசெட் பட்டனுக்கு மாற்றினார், இப்போது அதை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஓடுகிறது.

என் லீவுதான் இன்னும் வரவில்லை. கேட்டால், "சொன்னது சொன்னதுதான்" என்கிறார். ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக் கடித்து, இருக்கிற நாலும் ஆடுகிறது.

போர்வையும் கொஞ்சம் நல்லெண்ணெயும் பார்சல் போடு. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன். தீபாவளிக்கு இங்கேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொள்வேன். முதுகுக்குத்தான் கை எட்டாது.

பொம்மையன்