தேரை விழுங்கிய பொத்தான்

டெமராரா,
5 பிப்ரவரி 1911

கர்த்தருக்குள் பிரியமுள்ள ஞானசௌந்தரி அக்காளுக்கு,

தம்பியின் தோத்திரம். கடல் கடந்து வந்த இந்தச் சீமையில் நானும் அத்தானும் சுகம். பிராணிகளை ஆராய்கிற துரைக்காகத் தேரைகளைப் பிடித்து அறுத்து, அவை என்ன தின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒவ்வொன்றும் சோற்றுச் சட்டி பருமன். வயிற்றுக்குள் வண்டு, பூரான், சுண்டெலி எல்லாம் கிடக்கும். உயிருள்ள தேரையின் மூக்கருகே செத்த பூச்சியைப் போட்டால் சும்மா இருக்கும். அதையே நூலில் கட்டி ஆட்டினால் லபக்கென்று விழுங்கிவிடும். அசையாததை இந்த ஜாதி தொடாது. எனக்கு இந்தக் காடே பயமாக இருக்கிறது. அத்தானோ, "ஏலே, தேரைக்கா பயப்படுத?" என்று சிரிக்கிறார்.

சத்தியநேசன்

பாளையங்கோட்டை,
2 ஏப்ரல் 1911

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குப் பயமும் தெரியாது, வழியும் தெரியாது. பாபநாசத்தில் அருவி பார்க்கப் போனவரைக் காடெல்லாம் தேடினோமே, மறந்துவிட்டாயா? தனியே விடாதே. சட்டைக் கையில் நான் வைத்த வெள்ளிப் பொத்தானுக்கு நூல் இற்றிருந்தது. கப்பல் அவசரத்தில் விட்டுவிட்டேன், நீயாவது தைத்துக் கொடு.

அக்காள்

டெமராரா,
18 ஜூன் 1911

அக்காள்,

எப்படி எழுதுவேன்? தேரை பிடிக்கப் போன அத்தான் திரும்பவில்லை. எல்லாருமாகப் பல நாள் காட்டுக்குள் தேடினோம். கடைசியில் துரை, ஆள் இறந்திருப்பான் என்று சொல்லிவிட்டார். ஜெபம் செய்தோம். மறுநாள் காலை ஆற்றோரத்தில் பிடித்த ஒரு தேரையை அறுத்தேன். இன்னும் கால் உதைக்கிற வண்டோடு உன் வெள்ளிப் பொத்தான் கிடந்தது. பிரேதத்திலிருந்து எடுத்திருக்கும். இத்துடன் அனுப்புகிறேன். அன்று மதியமே படகேறிப் பட்டணம் வந்துவிட்டோம். மனதைத் தேற்றிக்கொள்.

சத்தியநேசன்

பாளையங்கோட்டை,
13 ஆகஸ்டு 1911

தம்பி,

சாரம்மாள் மதினி வெள்ளைச் சேலை கொண்டுவந்தாள். நான் உடுத்தவில்லை. அசையாததைத் தேரை தொடாது என்று நீதானே எழுதினாய்? பொத்தான் தானாக ஆடுமா? அவர் கை ஆடியிருக்கிறது. வண்டுக்கு உயிர் இருந்த அந்தக் காலையில் அவருக்கும் உயிர் இருந்திருக்கிறது. கூப்பிடக் குரல் இல்லாமல் கையை அசைத்திருக்கிறார். இப்போதாவது தேடச் சொல்லி துரைக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். பொத்தானைக் கண்ட பிறகு ஆற்றோரம் போய்ப் பார்த்தாயா? பார்த்தேன் என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அக்காள்

பாளையங்கோட்டை,
26 நவம்பர் 1911

சத்தியநேசனுக்கு,

துரையின் பதில் வந்தது. நீங்கள் தங்கியிருந்த கூடாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஆற்றங்கரையில் எலும்பு கிடைத்ததாம். நம் அப்பாத்துரை அண்ணனுக்கு நீ எழுதிய கடிதமும் நேற்று வந்தது. என் கடிதம் கிடைத்ததென்று அதில் இருக்கிறது. பார்த்தேன் என்று எனக்கு ஒரு வரி இல்லை.

ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டில் இறங்கு. என் வாசலுக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஞானசௌந்தரி