சைக்கிளோடு கடலில் குதித்தவர்

அன்பு மகளே,

எதிரி வந்து இறங்கிவிடக் கூடாதென்று போரின்போது ராணுவம் நடுவே வெட்டிப்போட்ட நம் கடல் பாலத்தை ஒருவழியாகச் சேர்த்து, நேற்றுத் திறந்துவிட்டார்கள். பாலத்தின் மேல் மறுபடியும் ராட்டினம் சுற்றுகிறது. ஊரே அங்கேதான்.

உன் அப்பா, போருக்கு முன் உன்னோடு வித்தை காட்டியதுபோலவே, சைக்கிளோடு பாலத்தின் முனையிலிருந்து கடலில் குதித்தார். அறுபது வயதில்! வெகுநேரம் தலையே தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு தண்ணீரைத் துப்பிக்கொண்டே மேலே வந்து, "நான் இன்னும் சாகல, ஏண்டி அழுவுற?" என்றார்.

டிக்கெட் கொடுக்கும் மேபல், "உங்க பொண்ணு இருந்தா இன்னும் அழகா குதிச்சிருப்பா," என்றாள். அப்பா ஈரத்தோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார்.

லண்டனில் உன் கணவர் நலமா? அப்பா கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

இன்று காலை விளம்பரப் பலகை எழுதுபவரிடம் அப்பா, "இந்தக் கோடைக்கு அப்பாவும் பொண்ணும் சேர்ந்து குதிக்கிறாங்கன்னு பெருசா எழுதுப்பா," என்றார்.

நான் காதில் விழாததுபோல் உள்ளே போய்விட்டேன்.

அன்புடன்,
அம்மா