அடித்தல் இல்லாத தாள்

பெங்களூரு,
8.6.2025

அன்புள்ள தாரா,

இது இந்து. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் உன் நம்பர் கிடைத்து, போன மாதம் மூன்று தடவை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய், அப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். முகவரி கல்லூரிப் பதிவேட்டில் இருந்தது. நீங்கள் வீடு மாறவில்லை என்று நம்பி அனுப்புகிறேன்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். நாம் படித்த அதே பேப்பர்தான்: ஒளியியல், சார்பியல், குவாண்டம். போன மாதம் பிராக்டிகல் தேர்வுக்கு என்னை எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம் கல்லூரிக்கே. அதே லேப், ஜன்னலுக்கு வெளியே தங்கச் சுரங்கத்தின் அதே சயனைடு மண்மேடு. மைக்ராஸ்கோப்பில் வளையங்களை எண்ணி அளக்கும் அந்த நியூட்டன் வளையச் சோதனையைச் செய்த இரண்டு பெண்களின் தாளில், ரீடிங் எல்லாம் மூன்றாவது தசமம் வரை ஒன்றாக இருந்தது. ஒருத்தி தாளில் ஏழெட்டு இடத்தில் அடித்தல் திருத்தல். இன்னொருத்தி தாள் அச்சடித்த மாதிரி சுத்தம். நான் உட்கார்ந்திருந்தது 2005-இல் நம் தேர்வுக்கு வந்த எக்ஸ்டர்னல் உட்கார்ந்த அதே இடம். யாரையும் எதுவும் கேட்காமல், ஆளுக்கொரு வேறு லென்ஸ் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லிவிட்டேன்.

அன்று காப்பி அடித்தவள் நான், தாரா. மாட்டிக்கொண்டவள் நீ. பிரின்சிபால் அறையில் உன் அப்பா கைகட்டி நின்றதைக் கதவோரமாக நின்று பார்த்தேன். தன் மகள்தான் தப்பு செய்தாள் என்று இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நான் வந்து அவரிடம் நேரில் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு நீ சம்மதித்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

பதில் வரும் என்று வாசலைப் பார்த்திருக்கும்,
இந்து

&nbsp;

ஆண்டர்சன்பேட்டை,
19.6.2025

இந்துவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கணக்கு சரியாகப் போயிற்று. நானே சொல்கிறேன். பங்காருபேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாகக் கண் பவர் பார்க்கிறேன். காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புகிறேன். நீ பக்கம் பக்கமாக நடத்தும் பாடத்தில் எனக்குப் பிழைப்புக்கு ஆனது லென்ஸ் மட்டும்தான்.

பார்ப்பவரைப் பொறுத்துக் காலம் மெதுவாகவும் ஓடும் என்று சார்பியலில் சொல்லிக்கொடுப்பாய். உனக்கு எப்படி ஓடியதோ தெரியாது, எனக்கு இருபது வருஷமும் முழுசாகத்தான் ஓடியது. காப்பி என்று எழுதி இரண்டு வருஷம் தேர்வெழுதத் தடை போட்டார்கள். எம்.எஸ்ஸி. சீட் போயிற்று. அப்போது மைன்ஸ் மூடி நாலு வருஷம், அப்பாவுக்கு வேலையில்லை. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிற நிலைமையா எங்களுக்கு?

அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்கிறாய். என்ன சொல்வாய்? அதை முதலில் எழுது. அவர் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல, ஒன்றுவிடாமல், பூசி மெழுகாமல் எழுது. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

தாரா

&nbsp;

பெங்களூரு,
29.6.2025

அன்புள்ள தாரா,

உன் கடிதத்தில் ‘அன்புள்ள’ இல்லை. கேட்க எனக்கு வாயில்லை. நீ சொன்னபடியே எழுதுகிறேன்.

அப்பா, நான் இந்து. மூன்று வருஷம் உங்கள் வீட்டில் தாராவோடு உட்கார்ந்து படித்தவள், அம்மா கையால் சாப்பிட்டவள். லேபில் இரண்டு பேருக்கு ஒரு மேஜை. ஒருத்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தி நோட்டில் எழுத வேண்டும், பிறகு இடம் மாற வேண்டும். நாங்கள் மாறியதே இல்லை. எப்போதும் தாரா பார்ப்பாள், நான் எழுதுவேன். ஏனென்றால் எனக்கு வளையம் தெரியாது. மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கலங்கல்தான் தெரியும். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் யார் கேட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்றே சொல்லி வந்தேன்.

தேர்வன்று ஆளுக்கொரு மேஜை, நானும் தாராவும் அடுத்தடுத்து. அரை மணி நேரம் கலங்கலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு ஏர் பிளாஸ்ட் வந்தது. மூடிய சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்து, மேஜை ஒரு குலுக்குக் குலுங்கியது. நமக்கு அது பழக்கம், யாரும் தலைதூக்கவில்லை. வெளியூர்க்காரரான எக்ஸ்டர்னல் மட்டும் பூகம்பம் என்று மைதானத்துக்கே ஓடிவிட்டார். அட்டெண்டர் ஏசுபாதம் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் ஓடினார். இருபது நிமிஷம் கெஞ்சியும் அவரை உள்ளே கூட்டிவர முடியவில்லை. குலுங்கியதில் தாராவின் மைக்ராஸ்கோப் நகர்ந்துவிட்டது. எடுத்த ரீடிங்கை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தாள். பழக்கத்தில் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். பழக்கத்தில் என் கை எழுதியது.

சாயங்காலம் எக்ஸ்டர்னல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடித்தல் இருந்த தாள்தான் காப்பி என்று முடிவு செய்தார். தாளை மட்டும்தான் பார்த்தாரா, ஹால் டிக்கெட்டில் இருந்த, சாதியைக் காட்டிக்கொடுக்கும் தகப்பன் பெயர்களையும் பார்த்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். உண்மையாகப் பார்த்து எழுதுகிறவள் தாளில்தான் அடித்தல் இருக்கும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது, அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இவள் உன்னுடையதைப் பார்த்தாளா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். ஒரு தடவைதான் ஆட்டினேன், அப்பா.

இவ்வளவுதான், தாரா. கல்யாணத்துக்குப் பிறகு கண்ணாடி போட்டேன். லெக்சரராகச் சேர்ந்த வருஷம், எங்கள் லேபில் முதல்முறையாக வளையங்களைப் பார்த்தேன். நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றிலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளையங்கள். இதையா நீ எனக்கு எண்ணி எண்ணிச் சொன்னாய் என்று அங்கேயே அழுதேன். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து எழுதவில்லை. இப்போது எட்டு வருஷத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன், அதை மாற்றக்கூட எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை.

எந்த ஞாயிறு வரட்டும்?

வருத்தத்துடன்,
இந்து

&nbsp;

ஆண்டர்சன்பேட்டை,
13.7.2025

இந்துவுக்கு,

அப்பா மார்ச் பதினொன்றாம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சில் தூசு, மைன்ஸ்காரர்களுக்கு வருவதுதான். நீ முதல் கடிதம் எழுதியபோதே அவர் இல்லை. அதைச் சொல்லாமல் உன்னை எழுத வைத்தேன். சொல்லியிருந்தால் நீ ஆறுதல் கடிதம் எழுதியிருப்பாய். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, நடந்தது உன் கையெழுத்தில் வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, நான் காப்பி அடிக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். சரிம்மா என்றார். நம்பவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம், தாராவுக்கு டைபாய்டு, அதனால் தேர்வெழுதவில்லை என்று சொன்னார். தினமும் விடிந்ததும் புத்தர் படத்துக்கு எதிரே நின்று பஞ்சசீலம் சொல்கிறவர் அவர். பொய் சொல்ல மாட்டேன் என்பது அதில் நாலாவது. அதற்குப் பிறகு அந்த நாலாவதை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். மற்ற நாலும் கணீரென்று கேட்கும். பதினாறு வருஷம் காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இத்த அவரு இருக்கசொல்ல எய்தியிருந்தா இன்னா?” என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா தெரியவில்லை.

ஒன்றை நீ தப்பாக எழுதியிருக்கிறாய். நான் பழக்கத்தில் எண்ணைச் சொன்னேன் என்கிறாய். எனக்கு நானே எதற்கு உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும்? உனக்கு வளையம் தெரியாது என்று எனக்கு முதல் வருஷமே தெரியும். அந்த மனிதர் மைதானத்துக்கு ஓடியதும், நீயும் பாஸாகட்டும் என்று உன் காதுக்கு எட்டும்படி சொன்னேன். அதனால்தான் நீ தலையை ஆட்டியபோது எனக்கு வாயே வரவில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. உன்னுடையது சிலிண்டர் பவராகத்தான், கருவிழியின் வளைவு சீராக இல்லாத கோளாறாகத்தான் இருக்கும். வெறும் கிட்டப்பார்வை என்றால் மைக்ராஸ்கோப்பைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம், சிலிண்டர் பவருக்குக் கண்ணாடிதான் வழி. அந்தப் பெயர் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஒரு தடவை கண்ணைக் காட்டுடி என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ கண்ணாடி போட்டுவிட்டால் நாம் இடம் மாற வேண்டி வரும். பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நீ மன்னிப்பு கேட்கவில்லை, நானும் தரவில்லை. வீட்டுக்கு வராதே, அம்மாவால் தாங்க முடியாது. ஆனால் உன் கடிதத்தில் வரிகள் போகப் போக மேலே ஏறுகின்றன. மூன்றும் எட்டும் ஒன்றுபோல இருக்கின்றன. அந்தப் பழைய கண்ணாடியோடு பிள்ளைகளின் தாளைத் திருத்தாதே. ஒரு ஞாயிறு பங்காருபேட்டையில் இறங்கு. கடை ஸ்டேஷனுக்கு எதிரே, பத்து மணிக்குத் திறப்போம். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துகளை ஒவ்வொரு வரியாகக் காட்டுவேன். இந்தத் தடவை நீ பார்த்துச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்.

தாரா